ஆணியில் தொங்கிய தாள்

பெருமாட்டி
3.2.1974

தம்பி நல்லமுத்துக்கு,

அண்ணி கமலாத்தாள் எழுதுகிறேன். அந்தத் தேயிலை மலைக் குளிர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் இருந்துவிட்டீர்கள். மூன்று நாள், பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமா வாசலைப் பார்த்தார். சொல்லிக்காட்ட எழுதவில்லை. இது வேறு காரியம்.

மாமா தோப்பில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது என்று வைத்தியர் கட்டைப் பிரித்துவிட்டார். ஆனால் நடை வரவில்லை. கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய்ச் சேருவதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. போன வாரம் ஈர வேட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "ஏனுங்க மாமா, எங்கிட்டக் குடுத்தா நான் அலசிப்போட மாட்டனுங்களா?" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுபத்து நாலு வயது. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனுசர். மருமகள் இடுப்புத் துணியை மாற்றுவதை எப்படிப் பொறுப்பார்? நான் மாற்றும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மாற்றுகிறேன்.

உங்கள் அண்ணன் உயிரோடு இருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். கூலிக்கு ஆள் தேடினேன். தென்னை ஏற ஆள் கிடைக்கிறது, இதற்கு ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். ஒரு ஆம்பளைக் கை வேண்டும் தம்பி. பத்து நாள் வந்து இருங்கள். பெற்ற பிள்ளையிடம் அவருக்குக் கூச்சம் இருக்காது. ஒரு வழக்கத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால், பிறகு நான் பார்த்துக்கொள்வேன்.

உடுமலை வழியாக வந்தால் ஒரு நாள் பயணம்தானே.

கமலாத்தாள்


பள்ளிவாசல்
9.2.1974

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. இப்போது லீவு கிடையாது. ஃபாக்டரியில் தேயிலை உலர்த்துகிற பழைய டிரையரைக் கழற்றிவிட்டுப் புதியது பூட்டுகிறோம். இங்கே டிப்ளமோ படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் மிஷின் சத்தத்தைக் காதால் கேட்டே ஓட்டுகிறவர்கள். நான் பத்து நாள் நகர்ந்தால் ஒரு மாதத்துக்கு வேலை நின்றுவிடும்.

பிரச்சினை என்ன? வேட்டி நனைகிறது. எந்த நேரத்தில்? எத்தனை தடவை? அதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் குடித்தார்? உங்கள் கடிதத்தில் இது ஒன்றுகூட இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார் என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இத்துடன் பத்துத் தாள் அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ் மிஷினில் ஓட்டி எடுத்தது. ஒரு தாள் ஒரு வாரத்துக்கு. ஒவ்வொரு நாளும் காலை, மதியம், மாலை என்று மூன்று வரி. எதிரே கட்டங்கள்: தண்ணீர் கொடுத்தது, சாப்பாடு, மாத்திரை, நனைந்தது, குறிப்பு. தாளை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள், ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நடந்தவுடன் எழுத வேண்டும். வாரம் முடிந்ததும் எனக்கு அனுப்பினால், பார்த்துச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புவேன். அதையும் பக்கத்தில் மாட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதி. பகலில் எட்டு டம்ளர் தண்ணீருக்குக் குறையக் கூடாது. அந்த ஊர் வெயிலுக்கு அது வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே டிரையரில் சங்கையா என்று ஒரு பெரியவர். அரை மணிக்கு ஒரு தரம் சூட்டைப் பார்த்து எழுத வேண்டும். மனுசன் பார்க்காமலேயே வரிசையாக இருநூறு, இருநூறு என்று எழுதிவைத்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டேன். "தாளு நல்லா இருந்தாத் தொரைக்கும் நல்லா இருக்கும், ஒங்களுக்கும் நல்லா இருக்கும் சார். எலைக்கு வேண்டியத நாந்தேன் பாத்துக்கிடுதேனே" என்றார். மெமோ கொடுத்து ஒரு நாள் வெளியே நிறுத்தினேன். பொய் ரீடிங் எழுதுவதைவிட எழுதாமலே இருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நல்லமுத்து


பெருமாட்டி
21.2.1974

தம்பிக்கு,

முதல் தாளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவதோடு நிறுத்தியவளுடைய கையெழுத்து. கோபப்படாமல் பாருங்கள்.

ஆணி அடித்து, பென்சில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. பால் எடுக்க வந்த குப்பண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்குள்ளயே பால் சொசைட்டி ஆரம்பிச்சுட்டீங்களா? கொழுப்பு எத்தனைன்னு எழுதுற கட்டத்தக் காணமே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு வரவில்லை.

நனைந்தது என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று இருக்கிறது. அதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது தம்பி. அவர் கண்ணெதிரே, அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நான் அந்தப் பக்கம் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்க்கிறார். என்ன எழுதினாய் என்று கேட்பதில்லை. கேட்பானேன், அவருக்குத்தான் படிக்கத் தெரியுமே.

தாளைக் கொண்டுபோய்ச் சமையலறையில் மாட்டிக்கொள்ளட்டுமா? எனக்கும் அடுப்புப் பக்கத்தில் நின்று எழுதச் சௌகரியம்.

குறிப்பு என்று போட்ட கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தோன்றியதை எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அடுத்ததில் கேட்கிறேன்.

கமலாத்தாள்


பள்ளிவாசல்
27.2.1974

அண்ணிக்கு,

தாள் வந்தது. குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று இடத்தில் "சுமார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுமார் என்பது ஒரு ரீடிங் இல்லை. சுமார் நாலு என்றால் மூன்றா, ஐந்தா?

நனைந்தது ஐந்து என்று வந்த நாட்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். கீழே "அதிகம். குறைய வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். இந்த எண்தான் முக்கியம். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

குறிப்பு என்பது ஜுரம், வாந்தி, பேதி மாதிரி விஷயங்களுக்கு. "மாமா இன்று சாப்பிடும்போது உங்கள் பெயரைச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டேன்.

தாள் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். சமையலறைக்குப் போனால் நீங்கள் சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவீர்கள், அது சரிப்படாது. அப்பா படிக்கிறார் என்றால் படிக்கட்டும். நல்லதுதான். தன் நிலைமை தனக்குத் தெரிந்தால் அவரும் ஒத்துழைப்பார். கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது? வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

நல்லமுத்து


பெருமாட்டி
14.3.1974

தம்பிக்கு,

இரண்டு தாள் சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் தாள் வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் மூன்று. இந்த வாரம் இரண்டு, இரண்டு நாள் ஒன்றுதான். தண்ணீரும் நீங்கள் சொன்னபடி எட்டு டம்ளர். சொம்பில் ஊற்றி, டம்ளரையும் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிறேன். திரும்பி வந்தால் சொம்பு காலியாக இருக்கிறது. முன்னெல்லாம் நாலு தரம் சொன்னால்தான் குடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்: "இந்த வாரம் எத்தனைம்மா ஆச்சு?" சொன்னேன். "பையனுக்குத் தபால்ல போடறயா?" என்றார். போடுகிறேன் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் கேட்பது மாதிரி இருந்தது.

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, கத்தரிச்செடி எல்லாம் கருகிப்போயிற்று. ஆனால் மாமா அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு அரசாணிப் பூசணிக்கொடி தானாக முளைத்து ஏறிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பூ விட்டிருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எப்படித் தழைக்கிறதோ.

கேட்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? கேட்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

கமலாத்தாள்


பள்ளிவாசல்
20.3.1974

அண்ணிக்கு,

பார்த்தீர்களா? நான் சொன்னேன். ஐந்திலிருந்து ஒன்று. ஒரே மாதத்தில். மருந்தில்லை, மாத்திரையில்லை, வெறும் ஒழுங்கு.

ஆபீஸ் கிளார்க் இன்னாசிராஜிடம் தாளைக் காட்டினேன். "ஏம்ப்பா, பெத்த அப்பனுக்கும் லாக்ஷீட்டா? புள்ளையப் பெத்தா இப்படியில்ல பெறணும்!" என்றார். அவருக்கே ஆச்சரியம்.

எண் சைபருக்கு வரும்வரை விடக் கூடாது. சைபர் வந்த வாரத்துத் தாளில் சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதி அனுப்புகிறேன், அப்பாவுக்கே காட்டுங்கள்.

இனி நான் அவசரமாக வர வேண்டிய தேவை என்ன? டிரையர் ஓட ஆரம்பித்ததும் மே மாதம் வருகிறேன்.

நல்லமுத்து


பெருமாட்டி
29.3.1974

தம்பிக்கு,

சைபர் வந்துவிட்டது. மூன்று நாளாகச் சைபர். எனக்குச் சந்தோசமாக இல்லை.

தாளில் எழுதச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மாமாவின் நாக்கு வறண்டு வெடித்திருக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது. பகலெல்லாம் தூங்குகிறார். நேற்று என்னைப் பார்த்து உங்கள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைக் கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நிற்கிறது. எட்டு டம்ளர் கொடுக்கிறேன், காலியாகிறது, பிறகு அது எங்கே போகிறது? வைத்தியரிடம் சொன்னேன். வயசு அப்படி, வெயில் அப்படி என்கிறார்.

எனக்குப் படிப்பில்லை. ஆனால் பதினாறு வருடம் இந்த வீட்டில் இவருக்குச் சோறு போட்டவள். ஏதோ சரியில்லை. தாளை விடுங்கள். ஒரு தரம் கண்ணால் வந்து பாருங்கள். மே வரைக்கும் வேண்டாம்.

கமலாத்தாள்


பள்ளிவாசல்
4.4.1974

அண்ணிக்கு,

நீங்கள் பயப்படுகிறீர்கள். பயம் ஒரு ரீடிங் இல்லை. தண்ணீர் எட்டு, சாப்பாடு சரி, மாத்திரை சரி, நனைந்தது சைபர். இதில் எது தவறு? தாளில் ஒரு கட்டத்தைக் காட்டி இது தவறு என்று சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். தூக்கம் வருவது வெயிலால். ஆளை மாற்றிக் கூப்பிடுவது வயதால். நாக்குக்கு வெண்ணெய் தடவுங்கள்.

இத்துடன் வரும் தாளில் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குக் காட்டுங்கள்.

நல்லமுத்து


பெருமாட்டி
26.4.1974

தம்பிக்கு,

"பயம் ஒரு ரீடிங் இல்லை" என்று நீங்கள் எழுதிய அன்றுதான் மாமாவுக்கு நினைவு தப்பி, நான் உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். கடிதம் வந்து சேர்ந்தபோது நீங்களும் நானும் ஆசுபத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் பிரித்துப் படித்தேன்.

அந்த வராந்தாவில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. உடம்பில் நீர் வற்றி, ரத்தம் கெட்டியாகி, மூளைக்குப் போகிற குழாய் அடைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், சொந்தக்காரர்கள் ஆறு பேர் நிற்கையில், "தெனமும் எட்டு டம்ளர்னு எழுதி அனுப்புனீங்களே அண்ணி, அத்தனையும் பொய்யா?" என்று கேட்டீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. பத்து நாள் ஆசுபத்திரியில் இருந்தீர்கள். என்னோடு பேசவில்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டீர்கள்.

இப்போது தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மாமா வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. என்னைத் தெரியவில்லை. யாரையும் தெரியவில்லை. நேற்று டம்ளரில் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாங்கினார். ஆணியைப் பார்த்தார். பிறகு என் கண்ணெதிரேயே கையைக் கட்டிலை ஒட்டிய ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, ஒரு சொட்டுச் சத்தம் கேட்காமல், சுவரோடு சுவராக ஊற்றினார். ஊற்றிவிட்டுக் காலி டம்ளரை ஸ்டூலில் வைத்தார். நினைவு போன மனுசருக்கு அது மட்டும் மறக்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே சுவரெல்லாம் தண்ணீர் ஓடிய தடம். அரசாணிக்கொடி ஓட்டின்மேல் ஏறி இரண்டு காய் காய்த்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குடித்தால் நனையும். நனைந்தால் நான் எழுதுவேன். எழுதினால் நீங்கள் வட்டம் போடுவீர்கள். அவர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் பொய் எழுதவில்லை தம்பி. கொடுத்தேன், எட்டு டம்ளரும் என் கையால் கொடுத்தேன். நீங்கள் போட்ட கட்டம் "தண்ணீர் கொடுத்தது". அதைத்தான் எழுதினேன். அந்தத் தாளைச் சமையலறையில் மாட்டட்டுமா என்று கேட்டேன். அதையும் எழுதித்தான் கேட்டேன்.

என் மேலும் தப்பு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்திருக்க வேண்டும். மாடு, தோப்பு, அடுப்பு என்று ஓடினேன். சொம்பு காலியாக இருந்தால் போதும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

தாளைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன். ஆணி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொள்கிறார். கரண்டியால் சிறிது சிறிதாகத்தான் உள்ளே போகிறது.

கமலாத்தாள்


பள்ளிவாசல்
3.5.1974

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். எனக்குச் சுருக்கமாக எழுதத்தான் தெரியும், அப்படியே எழுதுகிறேன்.

வராந்தாவில் நான் கேட்டது தவறு. அந்த ஆறு பேர் முன்னாலும் சொல்வேன்.

"குடித்தது" என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. அது மட்டும் இல்லை. டிரையரில் சூடு தானாகக் குறைந்தால் ஆகா என்று கைதட்ட மாட்டேன். ஓடிப்போய் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பேன். அப்பாவின் எண் ஐந்திலிருந்து சைபருக்கு வந்தது. நான் ஓடவில்லை. மிக நன்று என்று எழுதினேன். எட்டு டம்ளர் உள்ளே போய்ச் சைபர் வெளியே வந்தால் கணக்கு உதைக்கிறது என்று ஃபாக்டரியில் கூட்டிப் பெருக்குகிற புஷ்பமேரிகூடச் சொல்லியிருப்பாள். இலையிலிருந்து ஈரத்தை எடுப்பதுதான் இங்கே என் வேலை. நூறு கிலோ இலையில் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பா வற்றிக்கொண்டே வந்ததை நீங்கள் எழுதியும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முதல் கடிதத்தில் பத்து நாள் கேட்டீர்கள். நான் பத்துத் தாள் அனுப்பினேன்.

"மாமா இன்று சாப்பிடும்போது உங்கள் பெயரைச் சொன்னார்" என்று நீங்கள் எழுதியிருந்ததை அடித்தேனே, அன்றைக்கு அவர் என்ன சொன்னார்? என்ன சாப்பாடு? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

சங்கையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நான் தாளப் பாக்கல சார், எலையக் கையில அள்ளிப் பாத்துக்கிட்டேதேன் இருந்தேன். நீங்க அதக் கேக்கவே இல்லயே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் பட்டது.

இரண்டு மாதம் லீவு கேட்டேன். தரமாட்டேன் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன், வேலை இருந்தால் இருக்கட்டும். பதினைந்தாம் தேதி அங்கே இருப்பேன். நான் வந்ததும் நீங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் உங்கள் அம்மாவோடு இருங்கள். அண்ணன் போனபிறகு நாலு வருடமாக நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நல்லமுத்து


பெருமாட்டி
9.5.1974

தம்பிக்கு,

வாருங்கள். நான் போகிறேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு அலுப்பு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும். பொய்யாக எழுதக் கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்குக் கொள்ளுப் பருப்பும் சோறும். உருண்டை பிடித்துக்கொண்டே, "நல்லமுத்துக்குச் சின்னதுல கொள்ளுன்னா ஆகாது. தட்டைத் தள்ளிப்போட்டு ஓடீருவான்" என்றார். அவ்வளவுதான். சிரித்தார்.

அவரைப் பார்த்துக்கொள்வது பற்றி: முகம் துடைக்கும்போது காதுக்குப் பின்னாலும் துடையுங்கள். இடது பக்கமாகப் புரட்டாதீர்கள், அந்த இடுப்புத்தான் விழுந்த இடுப்பு. வெந்நீரில் முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். சோற்றைக் குழைத்து, மோர் விட்டுக் கொடுங்கள். தண்ணீருக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. கரண்டிதான். ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போகக் கூடாது.

அரசாணிக்காயைப் பறிக்கவில்லை. எனக்கு அதைச் சமைக்க மனசில்லை.

கமலாத்தாள்


பெருமாட்டி
27.5.1974

அண்ணிக்கு,

கொழிஞ்சாம்பாறையில் உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்கள்? நன்றாகத் தூங்குங்கள். இங்கே மாடு என்னைப் பார்த்தால் உதைக்கிறது, குப்பண்ணன்தான் கறக்கிறார். "டிப்ளமோவுல இது சொல்லிக் குடுக்கலீங்களா தம்பி?" என்று தினமும் கேட்கிறார்.

முதல் நாள் அப்பாவைப் புரட்டி வேட்டியை அவிழ்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். மூடவில்லை. என்னையே பார்த்தார். "ஏம்ப்பா, நீ எந்த ஊரு?" என்றார். பள்ளிவாசலுங்க என்றேன். "கூலிக்கு வந்திருக்கறயா? நல்லதாப் போச்சு. அந்தப் புள்ளைக்கு நெம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். அந்தப் பிள்ளை என்றால் நீங்கள்.

நான் அவர் மகன் என்று மூன்று தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் முகம் கலங்கி, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். நாலாவது தரம் சொல்லவில்லை. இப்போது நான் கூலியாள். கழுவிவிடும்போது காலைத் தூக்கிக் கொடுக்கிறார். "பைய, பைய" என்கிறார். என்னிடம் அவருக்குக் கூச்சம் இருக்காது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கூச்சம் இல்லைதான்.

தண்ணீர்தான் பிரச்சினையாக இருந்தது. கரண்டியோடு உட்கார்ந்தேன், எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்கூட இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆணியையே பார்த்தார். ஆணியைப் பிடுங்கலாம் என்று போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

போன வாரம் ஒரு நாள் காலை நனைந்துவிட்டது. மாற்றிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் இன்னும் பலம் இருக்கிறது.

"எம் பையனும் உங்க ஊர்லதான் இருக்கறான். தேயிலைக் கம்பெனில பெரிய வேலை."

"அப்படீங்களா?"

"கெட்டிக்காரன். எல்லாத்தையும் தாள்ல எழுதச் சொல்லுவான். இது தெரிஞ்சா செவப்புல வட்டம் போட்டுருவான். அங்க வேலைல இருக்கற பையன், இதப் பாத்தா அவனுக்குச் சங்கட்டமா இருக்கும். நீ ஒண்ணு பண்ணு. சைபர்னு போட்டுரு."

நான் ஈர வேட்டியைச் சுருட்டித் தரையில் வைத்தேன்.

"அவனுக்கு எங்க தெரியப் போகுது? போடு சாமி" என்றார்.

என் பையில் அச்சடித்த தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. எடுத்து ஆணியில் மாட்டினேன். தேதி போட்டேன். காலை. தண்ணீர் கொடுத்தது: ஒன்று. நனைந்தது: சைபர். கீழே கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடியைக் கேட்டார். மாட்டிவிட்டேன். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "செரி" என்றார். பிறகு ஸ்டூலில் இருந்த டம்ளரை அவரே எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பாமல், ஒரே மூச்சில் முழுவதும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் சைபர் எழுதுகிறேன். தினமும் குடிக்கிறார்.

நல்லமுத்து